காதலைத் தடை செய்த அரசுகள்

கோடை விடுமுறைக்கு என் இல்லம் வரும் பேத்தி, வழக்கமாக ஒரு பெட்டி துணிமணியும் ஒரு பை புத்தகமும் கொண்டு வருவாள். இம்முறை பை, பெட்டியைவிடப் பெரிதாயிருந்தது. அவளுக்கு வயது பதினைந்து. அவளை விட்டுச் செல்ல வந்த என் மகள், புறப்படும் வேளையில் என்னைத் தனியே அழைத்தாள். "அத்தா, இவள் படிப்பதெல்லாம் காதல் கதையும் கொலைக் கதையுமாகவே இருக்கின்றன. நீங்கள் ஒருமுறை பார்த்துக் கூடாதவற்றை எடுத்து வைத்துவிடுங்கள்" என்று சொல்லிச் சென்றாள். பல்லாண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் என்னும் தகுதியால் அப்பொறுப்பு என்மீது விழுந்தது. கூடாதவற்றைத் தேடப் புகுந்த நான், விடுமுறை முடிவதற்குள் பத்து நூல்களைப் படித்து முடித்துவிட்டேன். அவற்றுள் சிலவற்றைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

இவை யாவும் அமெரிக்க நாட்டில் பிறந்தவை. அந்நாட்டில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. அம்மாதங்களில் பிள்ளைகள் படிப்பை மறந்துவிடலாகாது என்று பள்ளிகள் பட்டியல் தருகின்றன. பொது நூலகங்கள் கோடைக்கால வாசிப்புத் திட்டங்களை நடத்துகின்றன. ஆனால், பட்டியலுக்காகப் படிக்கும் நூல் வேறு. போர்வைக்குள் விளக்கை மறைத்து வைத்துக்கொண்டு படிக்கும் நூல் வேறு. 2008ஆம் ஆண்டு தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் அந்த இரண்டாம் வகையில் கொடிகட்டிப் பறந்தவை, ‘டிஸ்டோபியா’ எனப்படும் கொடுங்கோல் உலகக் கதைகள். அதிலும் காதல் கலந்த கொடுங்கோல் உலகக் கதைகள்.

அவற்றின் அச்சு ஏறக்குறைய ஒன்றே. வருங்காலத்தில் ஒரு நாடு. பெரும்போரோ பேரழிவோ நடந்து முடிந்திருக்கும். மக்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓர் அரசு எழுந்திருக்கும். உணவு, தொழில், திருமணம், இறப்பு ஆகிய அனைத்தையும் அது அளந்து கொடுக்கும். அந்த அரசின்கீழ் பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. அவளெதிரே ஓர் இளைஞன். பெரும்பாலும் இரண்டு இளைஞர்கள். எவனை அவள் தேர்ந்தெடுப்பாள், அரசு எப்போது வீழும் என்னும் இரண்டு வினாக்கள் மூன்று பாகங்களுக்கு ஓடும்.

இவ்வச்சு புதிதன்று. ருஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி சம்யாத்தின், ‘நாம்’ என்னும் நாவலைப் புரட்சி நடந்த சில ஆண்டுகளிலேயே எழுதினார். அதனைச் சொந்த நாட்டில் வெளியிட இயலாமற்போக, 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அது முதலில் வெளிவந்தது. மனிதர்க்குப் பெயரில்லை, எண்ணே உண்டு. ஆணும் பெண்ணும் கூடியிருக்கவும் அரசு சீட்டு வழங்கும். அந்நாவலின் நாயகன் இறுதியில் கற்பனையை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகிறான். பின்னர், தான் உயிராய் நேசித்த பெண் சித்திரவதை செய்யப்படுவதை, எவ்விதச் சலனமுமின்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, 1949இல் வந்தது. அதில் வின்ஸ்டன், சித்திரவதையின் உச்சத்தில், ‘இதை எனக்குச் செய்யாதீர்கள், அவளுக்குச் செய்யுங்கள்’ என்னும் பொருள்படக் கதறித் தன் காதலியைக் காட்டிக்கொடுக்கிறான். அரசு என்பது மனிதனுக்குள்ளே எவ்வளவு தூரம் நுழைய முடியும் என்பதற்கு அவ்விரு ஆசிரியர்களும் காதலையே அளவுகோலாகக் கொண்டனர். அங்கே காதல் தோற்றது.

அமெரிக்க இளையோர் நாவல் இதனைத் தலைகீழாகத் திருப்பியது. இங்கே காதல் தோற்பதில்லை; காதல்தான் அரசை உடைக்கிறது. பிள்ளைகள் படிக்கும் நூலில் நம்பிக்கை வேண்டும் என்னும் நல்லெண்ணம் அதற்குக் காரணமாகலாம். அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆயினும் அதற்கொரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பதினேழு வயதுக் காதல் வெல்ல வேண்டுமானால், அதை எதிர்க்கும் அரசு சற்று மூடத்தனமாக இருந்தாக வேண்டும்! காதலைத் தடுப்பதைத் தவிர வேறு வேலையில்லாத அரசு ஒன்றைக் கற்பனை செய்வது எளிது. காதலைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அரசைக் கண்டு எழுதுவதுதான் அரிது. நான் படித்த நூல்களை இந்த ஓர் உரைகல்லில் உரைத்தே பார்த்தேன்.

லாரன் ஆலிவர் எழுதி 2011இல் வெளிவந்த ‘டெலிரியம்’, தடையைப் பற்றிய கதைகளுள் மிகத் தெளிவானது. மெய்ன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரம். அங்கே காதல் ஒரு நோய் என்று அறுதியிட்டுச் சொல்லப்பட்டுவிட்டது. பதினெட்டு வயது நிரம்பியதும் ஒவ்வொருவருக்கும் மூளையில் சிகிச்சை செய்து அந்நோயை நீக்குவார்கள். பின்பு அரசே துணையைத் தேர்ந்து கொடுக்கும். பள்ளியில் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ பாடமாக உண்டு. ஆனால் நோயின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாக! (இதைப் படித்தபோது, சில பாடங்களை நானே அவ்வாறு நடத்தியிருக்கிறேனோ என்னும் ஐயம் எழுந்தது.) லீனா என்னும் பெண், சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டு, நாட்களை எண்ணியவாறு அதற்காக ஆவலோடு காத்திருக்கிறாள். இடையே வருவது ஒரு கோடைக்காலம். அக்கோடையில் வேலிக்கப்பாலிருந்து வந்த அலெக்ஸைச் சந்திக்கிறாள். சிகிச்சை நாள் செப்டம்பர் மாதத்தில். ஆகவே கோடை விடுமுறையில் இந்நாவலைப் படிக்கும் பெண்பிள்ளை, லீனாவோடு சேர்ந்து தன் விடுமுறை நாட்களையும் எண்ணிக்கொண்டுதான் படித்திருப்பாள். நூலாசிரியையின் கெட்டிக்காரத்தனம் இது.

ஆனால் என் உரைகல்லில் இந்நூல் முழுமையாகத் தேறவில்லை. மக்கள் காதலிக்காமலிருப்பதால் யாருக்கு என்ன இலாபம்? போர் நிற்கும், அமைதி நிலவும் என்று அரசு சொல்வதோடு சரி. அடுத்த பாகங்களில் காடும் கலகமும் வருகின்றன; அலெக்ஸுக்குப் போட்டியாக ஜூலியனும் வருகிறான்; மூன்றாம் நூலின் முடிவில் மக்கள் சுவரை இடிக்கிறார்கள். அச்சுவரை எழுப்பியவர்களின் உள்ளத்தை மட்டும் நாம் கடைசி வரை காண்பதில்லை.

எனினும் இந்நூலில் ஒரு பகுதி என் உறக்கத்தைக் கெடுத்தது. அது அலெக்ஸ் வரும் பகுதியன்று. லீனாவின் தாய் வரும் பகுதி. மூன்று முறை சிகிச்சை செய்தும் அத்தாய்க்கு ‘நோய்’ தீரவில்லை. சாளரத் திரைகளை இழுத்து மூடிவிட்டு, தன் பிள்ளைகளோடு காலுறையணிந்த கால்களால் ஓசையின்றி ஆடிப்பாடுவாள். விழுந்து அடிபட்டால் அள்ளி அணைத்துக்கொள்வாள். பிற வீடுகளில் தாய்மார் அவ்வாறு செய்வதில்லை. ஏனெனில் சிகிச்சை அந்த அன்பையும் அகற்றிவிட்டது. தாய் தற்கொலை செய்துகொண்டாள் என்று நம்பியே லீனா வளர்கிறாள். பின்னர்தான் அவள் சிறையில் கிடந்தது தெரியவருகிறது. அச்சிறையறையின் சுவரெங்கும் ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் செதுக்கி வைத்திருக்கிறாள். அச்சொல்லின் வட்டமான ஓரெழுத்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் ஆழமாகக் குடைந்து, அதன் வழியாகவே தப்பிச் சென்றிருக்கிறாள்.

அந்தச் சொல் ‘லவ்’. இவ்விடத்தில் தமிழ் வாசகர் சற்று நின்று செல்ல வேண்டும். நமக்கு அன்பு வேறு, காதல் வேறு, பாசம் வேறு. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் தாய் பிள்ளையை நேசிப்பதற்கும், இளைஞன் ஒரு பெண்ணை விரும்புவதற்கும் ஒரே சொல்தான். இந்நாவலின் முழுக் கட்டடமும் அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. ஒன்றைத் தடை செய்யப் போன அரசு மற்றதையும் வேரோடு பிடுங்கிவிட்டது என்பதே அதன் உட்பொருள். இதனைத் தமிழில் பெயர்ப்பதாயின் எந்தச் சொல்லை அச்சுவரில் செதுக்குவது? ‘காதல்’ என்றால் தாய் வெளியேறிவிடுவாள்; ‘அன்பு’ என்றால் அலெக்ஸ் வெளியேறிவிடுவான். நெடுநேரம் எண்ணிப் பார்த்தும் எனக்கு விடை கிட்டவில்லை. காதல் கதை என்று என் மகள் ஒதுக்கச் சொன்ன நூல், தாய்மையைப் பற்றிய கதையாக என் முன்னே எழுந்து நின்றது.

அல்லி காண்டி 2010இல் எழுதிய ‘மேட்ச்ட்’, காதலைத் தடுக்கும் கதையன்று. அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் கதை. பதினேழு வயதில் ஒரு விருந்து. அவ்விருந்தில் திரையில் தோன்றும் முகமே உன் வாழ்க்கைத் துணை. காஸியாவுக்குத் தோன்றுவது அவளுடைய பால்ய நண்பன் சாண்டர். அடுத்து அவள் பார்க்கும் குறுந்தகட்டில் ஒரு கணம் வேறொரு முகம் மின்னி மறைகிறது. அது கை என்னும் இளைஞனுடையது. இதிலிருந்து கதை கிளம்புகிறது. உண்மையைச் சொன்னால் இருவருமே நல்லவர்கள். யாரைத் தேர்ந்தாலும் காஸியாவுக்கு நட்டமில்லை. ஆகவே அவள் தேர்வில் எனக்குப் பதற்றம் உண்டாகவில்லை.

ஆனால் அந்நாட்டில் மற்றொன்று நடந்திருக்கிறது. பண்பாடு அளவுக்கு மீறிப் பெருகிக் குப்பையாகிவிட்டது என்று கருதிய அரசு, ஒரு குழுவை அமர்த்தி, நூறு கவிதைகளையும் நூறு பாடல்களையும் நூறு ஓவியங்களையும் மட்டும் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை அழித்துவிட்டது. காஸியாவின் பாட்டனார் இறக்கும் முன், பட்டியலில் இல்லாத கவிதைகளை ஒரு சிமிழுக்குள் மறைத்துப் பேத்தியிடம் கொடுக்கிறார். அவருக்கு அன்று எண்பது வயது நிறைகிறது. அந்நாட்டில் எண்பது நிறைந்தால் விருந்து வைத்து வழியனுப்பிவிடுவார்கள். (எனக்கு எழுபத்தெட்டு. அவ்வத்தியாயத்தைச் சற்று விரைவாகவே கடந்து சென்றேன்.) காஸியாவுக்கு விசைப்பலகையில் தட்டத் தெரியும், கையால் எழுதத் தெரியாது. அந்நாட்டில் எவருக்குமே தெரியாது. கை என்னும் அந்த இளைஞன், மலையேற்றப் பயிற்சியின்போது, மண்ணில் குச்சியால் எழுத அவளுக்குக் கற்றுக் கொடுக்கிறான். இவ்விரு இளைஞர்களின் போட்டியை மறந்துவிட்டேன். மண்ணில் தன் பெயரின் முதலெழுத்தை வளைத்து எழுதும் அந்தப் பெண்ணின் விரல்களை மறக்க முடியவில்லை.

நூறு கவிதைகளைத் தேர்ந்த அந்தக் குழுவினர் தீயவர்கள் என்று நூலில் எங்குமில்லை. கற்றவர்கள், நல்ல நோக்கத்தோடு உட்கார்ந்து, கூடாதவற்றை எடுத்து வைத்தவர்கள். இந்த வரியை எண்ணிய கணத்தில் நூலை மூடி வைத்துவிட்டு, என் மேசைமேல் இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்திருந்த பேத்தியின் புத்தகங்களைப் பார்த்தேன். எழுந்து சென்று இரண்டடுக்கையும் ஒன்றாக்கினேன்.

வெரோனிகா ராத் 2011இல் வெளியிட்ட ‘டைவர்ஜென்ட்’ பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சிக்காகோ நகர மக்கள் குணத்தால் ஐந்து பிரிவாகப் பிரிந்து வாழ்கிறார்கள். எப்பிரிவிலும் அடங்காத பெண் டிரிஸ். ஓடும் இரயிலிலிருந்து குதிப்பதும் துப்பாக்கி பழகுவதுமாகக் கதை வேகமாகச் செல்கிறது. ஆசிரியை அதைக் கல்லூரி மாணவியாயிருந்தபோதே எழுதியவர். அவ்விளமையின் துடிப்பு நூலில் இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் நாயகியையே சாகவிட்ட துணிவுக்காக அவரைப் பாராட்ட வேண்டும். வாசகர் பலர் அதற்காக அவரை மன்னிக்கவில்லை.

இனி ‘தி ஹங்கர் கேம்ஸ்’. சூசன் காலின்ஸ் இதனை 2008இலும், இதன் தொடர்ச்சிகளை 2009, 2010ஆம் ஆண்டுகளிலும் வெளியிட்டார். மேற்சொன்ன நூல்கள் எழுந்த சந்தையைத் திறந்துவிட்டதே இதுதான். பின்னே வந்தவை இதன் வெளித்தோற்றத்தை எடுத்துக்கொண்டன, எலும்பை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்நூலின் எலும்பு பசி. வட அமெரிக்காவின் அழிவில் எழுந்த நாட்டுக்குப் பானெம் என்று பெயர். உரோமாபுரி மக்களை ஆட்சியாளர் ரொட்டியாலும் வேடிக்கையாலும் அடக்கி வைத்தனர் என்று பழங்கவிஞர் ஜுவனால் எள்ளி நகையாடினாரல்லவா, அந்த இலத்தீன் தொடரின் ‘ரொட்டி’ என்னும் சொல்லே அது. முன்பொரு முறை கலகம் செய்ததற்குத் தண்டனையாக, 12 மாவட்டங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஓர் ஆண், ஒரு பெண் என 24 சிறார்களைத் தலைநகரம் பிடித்துச் செல்லும். 12 முதல் 18 வயதுக்குட்பட்ட அவர்கள் ஒரு களத்தில் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். எஞ்சும் ஒருவருக்கு வெற்றி. நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். சீட்டுக் குலுக்கித்தான் ஆளெடுப்பார்கள். நம் பழைய குடவோலை முறை போன்றதே; ஆனால் இங்கே சீட்டு விழுந்தால் பதவியில்லை, பலி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை வாசகர்கள் பொறுமையோடு கவனிக்க வேண்டும். 12 வயதில் ஒருவன் பெயர் ஒரு சீட்டில் இடம்பெறும். ஆண்டுக்கு ஒன்றாக அது கூடும். ஆனால் வீட்டில் பட்டினியென்றால், மேலும் ஒரு சீட்டில் பெயரெழுதிக் கொடுத்து, ஓராளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் குறைந்த அளவில் பெறலாம். குடும்பத்தினர் ஒவ்வொருவருக்காகவும் பெறலாம். சீட்டுகள் ஆண்டுக்காண்டு குவிந்துகொண்டே போகும். சுரங்க வெடிப்பில் தந்தையை இழந்த காட்னிஸ், தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக மூன்று சீட்டு கூடுதலாக எழுதியவள். ஆண்டுக்கு நான்கு வீதம் பதினாறு வயதில் அவள் பெயரில் 20 சீட்டுகள். ஐவர் அடங்கிய குடும்பத்தைத் தாங்கும் அவள் நண்பன் கேலுக்கு, ஆண்டுக்கு ஆறு வீதம் பதினெட்டு வயதில் 42 சீட்டுகள். கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கோ வயதுக்குரிய சீட்டு மட்டுமே. குலுக்கல் அனைவர்க்கும் பொது. ஆனால் ஏழையின் பெயர்தான் பானையில் நிறைந்திருக்கும். இந்த ஓர் ஏற்பாட்டில் காலின்ஸ் அரசு என்றால் என்னவென்று காட்டிவிடுகிறார். அவருடைய அரசு மூட அரசன்று. ஏழையையும் கடைக்காரரையும் ஒன்றுசேரவிடாமல் வைத்திருக்க எத்தனை சீட்டு வேண்டுமென்று கணக்குப் பார்த்த அரசு.

அத்தகைய அரசு காதலைத் தடுக்குமா? தடுக்காது; விற்கும். பன்னிரண்டு வயதுத் தங்கை பிரிமின் ஒரே சீட்டு விழுந்துவிட, அவளுக்குப் பதிலாகக் காட்னிஸ் தானே முன்வந்து களம் செல்கிறாள். அவளுடன் செல்லும் ரொட்டிக் கடைக்காரர் மகன் பீட்டா, தொலைக்காட்சிப் பேட்டியில், தான் அவளை நெடுநாளாகக் காதலிப்பதாக அறிவிக்கிறான். கூட்டம் உருகுகிறது. செல்வர்கள் தாம் விரும்பும் போட்டியாளருக்குப் பணம் கட்டி உணவும் மருந்தும் அனுப்பலாம் என்பது விதி. காயமுற்ற பீட்டாவோடு குகையில் பதுங்கியிருக்கும் காட்னிஸ், அவனை ஒருமுறை முத்தமிடுகிறாள். உடனே வானிலிருந்து வெள்ளி நிறப் பாராசூட்டில் ஒரு கலயம் சூடான கஞ்சி இறங்குகிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு முத்தத்தின் விலை ஒரு கலயம் கஞ்சி. மேலும் வேண்டுமானால் மேலும் காதலிக்க வேண்டும்.

உலக இலக்கியத்தில் காதலர்க்கு எத்தனையோ இடையூறுகள் வந்துள்ளன; தூது வந்துள்ளது; அலர் தூற்றியுள்ளனர். காதலுக்குக் கூலி கொடுத்து, அக்கூலியின்றி உயிர் தரிக்க இயலாது என்னும் நிலையை இவ்வளவு குறைந்த சொற்களில் நான் வேறெங்கும் படித்ததில்லை. இதற்குமேல் காட்னிஸுக்கே தெரியவில்லை, தான் நடிக்கிறாளா, நேசிக்கிறாளா என்று. களத்திலிருந்து மீண்டபின் பீட்டா, அத்தனையும் நடிப்பா என்று மனமுடைகிறான். இரண்டாம் நூலில் நாட்டின் தலைவர் ஸ்னோ அவள் வீட்டுக்கே வந்து, அக்காதல் உண்மை என்று மக்களை நம்ப வைக்குமாறு கட்டளையிடுகிறார். காதல் அரசாணையாகிறது. மூன்றாம் நூலில் பீட்டாவைப் பிடித்து, நஞ்சேற்றி, நினைவுகளைத் திரித்து, அவளைக் கண்டாலே கொல்லப் பாயுமாறு மாற்றிவிடுகிறார்கள். சம்யாத்தினின் அறுவைக் கத்தியும் ஆர்வெல்லின் சித்திரவதைக் கூடமும் இங்கே மீண்டும் வந்துவிட்டன. பின்னர் பீட்டா, ஒவ்வொரு நினைவாக எடுத்து, ‘இது உண்மையா, பொய்யா?’ என்று அவளையே கேட்டுக் கேட்டுத் தெளிகிறான். ஒருவன் தன் காதலைத் தன் காதலியிடமே விசாரித்தறிய வேண்டிய அவலம்!

அந்த வெள்ளிப் பாராசூட்டை வாசகர் நினைவில் வைத்திருப்பார்கள். மூன்றாம் நூலின் இறுதியில், தலைநகர மாளிகையின் முன் அடைக்கப்பட்டிருக்கும் குழந்தைகள்மீது அதே பாராசூட்டுகள் இறங்குகின்றன. பரிசென்று எண்ணிப் பிள்ளைகள் கைநீட்டுகிறார்கள். அவை வெடிக்கின்றன. காப்பாற்ற மருத்துவக் குழுவினர் ஓடி வருகின்றனர். அப்போது எஞ்சியவையும் வெடிக்கின்றன. அக்குழுவில் ஓடி வந்தவள் பிரிம். எந்தத் தங்கைக்காகக் காட்னிஸ் களம் புகுந்தாளோ, அவள். முதலில் ஒரு வெடி, உதவிக்கு வருவோருக்கு இரண்டாம் வெடி என்னும் அந்த உத்தியைப் புரட்சிப் படைக்காக வகுத்தவர்களுள் ஒருவன் கேல். அது தன் குண்டுதானா என்று அவனுக்கே தெரியாது. அவன் கேலைவிட்டு இவன் பீட்டாவை ஏன் மணந்தாள் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. இரண்டு அழகிய இளைஞருள் ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டாகத் தொடங்கிய வினாவை, தங்கையின் சாம்பல்மேல் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் ஆசிரியை. காலின்ஸின் தந்தை வியட்நாம் போரில் பணியாற்றிய விமானப்படை அதிகாரி என்பதை அறிந்தபோது, இக்காட்சி எங்கிருந்து வந்தது என்று ஒருவாறு ஊகித்தேன்.

குறையில்லாமலில்லை. தலைநகர மக்கள் வண்ணம் பூசிய பொம்மைகளாகவே பெரும்பாலும் வந்து போகிறார்கள். கேலுக்கு வேறொரு மாவட்டத்தில் வேலை கொடுத்து அனுப்பி வைத்தது, கதையை முடிக்க வேண்டிய அவசரத்தில் செய்தது போலிருக்கிறது. ஆயினும் புரட்சித் தலைவியும் பழிக்குப் பழியாக எதிரிகளின் பிள்ளைகளைக் களத்திலிறக்கலாமா என்று வாக்கெடுக்கும் இடத்தில், வென்றவர் யாராயினும் எச்சரிக்கையோடிரு என்று இளம் வாசகருக்குக் காட்டிய எழுத்தாளர் வேறெவரும் என் நினைவுக்கு வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நூல் பழித்ததையே அதன் வெற்றி செய்தது. வாசகர்கள் ‘பீட்டா கட்சி’, ‘கேல் கட்சி’ என இரண்டாகப் பிரிந்து வாதிட்டனர். நாவலிலே தலைநகரக் கூட்டம் செய்ததும் அதுவே. 2012 முதல் திரைப்படங்கள் வந்தன. 2013இல், ஒப்பனைப் பொருள் தயாரிக்கும் நிறுவனமொன்று, பிள்ளைகளைக் கொல்லும் அத்தலைநகரத்தின் பெயராலேயே முகப்பூச்சு வரிசையொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது! ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இறந்தோர்க்கு விடை கொடுக்க, பன்னிரண்டாம் மாவட்டத்தார் மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துவதாக நாவலில் வருகிறது. 2014இல் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது எதிர்த்த இளைஞர்கள் அம்மூன்று விரல்களை உயர்த்தினர், அதற்காகக் கைதாயினர். 2021இல் மியான்மர் வீதிகளிலும் அதே விரல்கள் உயர்ந்தன. சிறுவர் கதை என்று நாம் ஒதுக்கியதை இராணுவ அதிகாரிகள் அவ்வாறு ஒதுக்கவில்லை.

கடைசியாக ஒரு நூல். இதில் வருங்காலமில்லை, போரில்லை, களமில்லை. ரெயின்போ ரோவெல் எழுதிய ‘எலினர் அண்ட் பார்க்’, 1986ஆம் ஆண்டில் ஓமஹா நகரில் பள்ளிப் பேருந்தொன்றில் அருகருகே அமர நேர்ந்த இருவரின் கதை. நாட்கணக்கில் பேசிக்கொள்வதில்லை. பார்க் படிக்கும் படக்கதைப் புத்தகத்தை எலினர் பக்கத்திலிருந்து ஓரக்கண்ணால் படிப்பதை அறிந்து, அவன் பக்கத்தை மெதுவாகத் திருப்புகிறான். அவ்வளவே அவர்கள் காதலின் தொடக்கம். முற்கூறிய நாவல்களில் மலையளவு தடைகளுக்கிடையே எழும் காதல்களைவிட, இந்தப் பக்கம் திருப்பும் விரல் என்னை நெகிழச் செய்தது.

இதையும் ஏன் கொடுங்கோல் கதைகளோடு சேர்த்தேன் என்று கேட்கலாம். எலினரின் வீட்டில் தொலைபேசி இல்லை. உடன்பிறந்தார் ஐவருக்கும் ஓர் அறை. குளியலறைக்குக் கதவில்லை. மாற்றாந்தகப்பன் ரிச்சி வீட்டிலிருக்கும் நேரங்களில் அவள் குளிப்பதில்லை. முன்பொருமுறை அவன் சினந்து அவளை வெளியேற்ற, ஓராண்டு பிறர் வீட்டில் கிடந்து மீண்டவள் அவள். எப்போது பேசலாம், எப்போது மூச்சுவிடலாம் என்பதை அவன் காலடியோசை தீர்மானிக்கிறது. பானெம் நாட்டின் மின்வேலிக்குள் காட்னிஸுக்கு ஒரு காடாவது இருந்தது, எலினருக்கு அதுவுமில்லை. ஓர் அரசை உருவாக்க 12 மாவட்டமும் தலைநகரமும் தேவையில்லை, கதவில்லாத ஒரு குளியலறை போதும் என்று இந்நூல் காட்டுகிறது. இங்கே காதலும் அவ்வரசை உடைக்கவில்லை. பார்க் தன் தந்தையின் வண்டியில் அவளை இரவோடிரவாக மாமன் வீட்டுக்குக் கொண்டு சேர்க்கிறான். அவ்வளவே அவனால் முடிந்தது. தம்பி தங்கையரை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பினாளே என்னும் வேதனை நமக்கும் அவளுக்கும் மிஞ்சுகிறது. பார்க்கின் கொரியத் தாயைச் சித்திரித்த முறையில் குறை கண்ட வாசகர்கள் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் எலினரின் அச்சத்தை எழுதிய கை பொய் சொல்லவில்லை.

விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒருநாள் மாலை, பேத்தி என்னிடம் கேட்டாள்: "நன்னா, நீங்கள் எந்தப் பக்கம்? பீட்டாவா, கேலா?"

நான் ஆசிரியனுக்குரிய தோரணையோடு, அக்கேள்வியே பிழையானது என்றும், அது தலைநகரத்தார் கேட்கும் கேள்வி என்றும் விளக்கத் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது தெரியும் நன்னா. நான் பிரிம் பக்கம்" என்றாள்.

மறுவாரம் மகள் வந்தாள். கூடாதவை எவை என்று கேட்டாள். பத்து நூல்களையும் பையில் அடுக்கி வைத்திருந்தேன். ‘டெலிரியம்’ நூலில் தாய் வரும் பக்கங்களில் மட்டும் ஒரு காகிதத்துண்டு செருகி, அதை அவள் கையில் தனியே கொடுத்தேன். இரயிலில் போகும்போது படித்துப் பார் என்றேன்.